கேள்விக்குறியாகிப் போன கண்டமங்கலம்

(மூன்றாம் ஆண்டு, கணிப்பொறிப் பொறியியல் பிரிவு)



நம் கம்ப்யூட்டர் லேபில் வாரம் ஒருமுறையாவது நடக்கும் காரியம் இது. திரையின் அடியில் உள்ள டாஸ்க்பார் அப்படியே உறைந்து நின்றுவிடும். ஸ்டார்ட் பட்டனை எத்தனை தடவை தட்டினாலும் வாய் திறக்காது. இன்னொரு சமயம், மறைத்து வைத்த ஃபைல்களைக் காட்டச் சொல்லி ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றியிருப்போம். மாற்றியது என்னவோ உண்மை, ஆனால் திரையில் ஒன்றும் தெரியாது. இந்த மாதிரி நேரங்களில் கம்ப்யூட்டர் முழுவதையும் அணைத்துப் போட வேண்டியதில்லை. டெஸ்க்டாப் ஷெல்லை மட்டும் நிறுத்தி, மறுபடியும் கிளப்பினாலே போதும்.

ஆனால் அதில் ஒரு சங்கடம் உண்டு. ஷெல்லை நிறுத்திய அடுத்த நொடியே திறந்து வைத்திருந்த ஃபோல்டர்கள் எல்லாம் மூடிக்கொள்ளும். பத்து ஃபோல்டர்களைத் திறந்து வைத்து புராஜெக்ட் வேலை பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இது பெரிய தலைவலி. ஆகவேதான் சிலர் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். அது முதலில் திறந்திருக்கும் ஃபோல்டர்களைக் குறித்துக்கொள்ளும். பிறகு ஷெல்லை நிறுத்திக் கிளப்பும். கடைசியில் குறித்து வைத்தவற்றைத் திறந்து கொடுக்கும்.

அப்படி ஒரு ஸ்கிரிப்ட் நண்பர் ஒருவர் மூலம் எனக்கும் வந்து சேர்ந்தது. எல்லா ஃபோல்டர்களையும் திறந்தது, தமிழில் பெயர் வைத்திருந்தவற்றை மட்டும் திறக்கவில்லை! "ஃபோல்டருக்கு இங்கிலீஷ்ல பேரு வை தம்பி, ப்ராப்ளமே வராது" என்றுதான் கேட்டவர் எல்லோரும் சொன்னார்கள். அது சரியான மருந்துதானா? பழுது உண்மையில் எங்கே இருக்கிறது? அதை எப்படிக் கண்டுபிடிப்பது? இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

ஒரு வேண்டுகோள். கட்டளைகளின் பெயர்களை வாசிக்க வசதியாகத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். மெஷினில் அடிக்கும்போது அவற்றின் ஆங்கில எழுத்துக்கூட்டிலேயே அடிக்கவும்.

ஷெல் என்பது யார்?

விண்டோஸில் டெஸ்க்டாப், டாஸ்க்பார், ஸ்டார்ட் மெனு ஆகியவற்றை நம் கண்முன் நிறுத்துவது எக்ஸ்புளோரர் என்னும் புரோகிராம். ஃபோல்டர் ஜன்னல்களைத் திறந்து காட்டுவதும் அதே எக்ஸ்புளோரர்தான். நம்ம ஊர் டீக்கடையில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவரே டீயும் ஆற்றுவது போல, ஒரே ஆளுக்கு இரண்டு வேலை. கல்லாக்காரரை எழுப்பி வெளியே அனுப்பினால் டீயும் நின்றுவிடும் அல்லவா? ஷெல்லை நிறுத்தினால் ஃபோல்டர்களும் மூடிப்போவதற்குக் காரணம் இதுதான்.

எக்ஸ்புளோரரைப் பற்றி இன்னொரு செய்தியையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஷெல் ஓடாதபோது எக்ஸ்புளோரரை வெறுமனே கிளப்பினால் அது ஷெல்லாக வந்து நிற்கும். ஷெல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்போது கிளப்பினால், ஒரு ஃபோல்டர் ஜன்னலைத் திறந்து காட்டும். கட்டளை ஒன்றுதான், பலன் இரண்டு. பின்னால் வரும் ஒரு பழுதுக்கு இதுவே மூலகாரணம்.

விண்டோஸ் 8 முதல் டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்புளோரரைத் தேர்ந்தெடுத்தால் 'ரீஸ்டார்ட்' என்றே ஒரு பட்டன் வரும். ஆனால் அது ஃபோல்டர்களைத் திருப்பித் தருவதில்லை. ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் 'முந்தைய ஃபோல்டர் ஜன்னல்களை லாகான் செய்யும்போது திரும்பத் திற' என்னும் பொருள்பட ஒரு தேர்வு இருக்கிறது. அது லாகாஃப் செய்து லாகான் செய்பவர்களுக்கானது. ஷெல்லை நடுவிலே பிடித்து நிறுத்தும் நமக்கு அதை நம்பி இறங்க முடியாது.

ஸ்கிரிப்ட் செய்யும் ஐந்து வேலைகள்

பழுது பார்ப்பதில் முதல் பாடம், வேலையைத் துண்டு துண்டாகப் பிரிப்பது. எலக்ட்ரானிக்ஸ் லேபில் ரேடியோ பாடவில்லை என்றால் பவர் சப்ளையில் தொடங்கி ஸ்பீக்கர் வரை ஒவ்வொரு கட்டமாக மீட்டர் வைத்துப் பார்க்கிறோம். ஸ்கிரிப்டுக்கும் அதே முறைதான். நான் ஆராய்ந்த ஸ்கிரிப்ட் பவர்ஷெல்லில் எழுதப்பட்டது. அதன் வேலைகள் ஐந்து.

1. 'ஷெல் அப்ளிகேஷன்' என்னும் காம் ஆப்ஜெக்டை உருவாக்கி, அதன் 'விண்டோஸ்' என்ற செயல்வழியாகத் திறந்திருக்கும் ஜன்னல்களை வரிசையாகக் கேட்டு வாங்குதல்.

2. ஒவ்வொரு ஜன்னலும் காட்டும் ஃபோல்டரின் முழுப்பாதையை எடுத்து, பட்டியலாக ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதுதல். எழுதுவதற்கு அது பயன்படுத்திய கட்டளை 'செட்-கன்டென்ட்'.

3. எக்ஸ்புளோரரை நிறுத்துதல்.

4. எக்ஸ்புளோரரை மறுபடி கிளப்புதல்.

5. 'கெட்-கன்டென்ட்' கட்டளையால் பட்டியலைப் படித்து, ஒவ்வொரு ஃபோல்டராகத் திறத்தல்.

"பட்டியலை மெமரியிலேயே வைத்துக்கொள்ளலாமே, ஃபைல் எதற்கு?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. பவர்ஷெல் தனியாக ஓடும் புரோகிராம். எக்ஸ்புளோரர் நின்றாலும் பவர்ஷெல் நிற்காது, பட்டியலும் போகாது. ஆனால் நடுவில் கரண்ட் போனால்? மெஷின் ஹேங் ஆனால்? ஃபைலில் எழுதி வைத்தால் எது எது திறந்திருந்தது என்ற விவரமாவது தப்பும். நம்ம பக்கத்து கரண்ட் நிலவரம் தெரிந்தவர்கள் ஃபைல் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

எந்தக் கட்டத்தில் கெட்டது?

சோதனைக்காக டெஸ்க்டாப்பில் மூன்று ஃபோல்டர்கள் போட்டேன். ஒன்றுக்கு ஆங்கிலப் பெயர். இரண்டாவதற்கு இடைவெளி விட்ட ஆங்கிலப் பெயர். மூன்றாவதற்கு 'கண்டமங்கலம்' என்று நம் ஊர்ப் பெயர். மூன்றையும் திறந்து வைத்து ஸ்கிரிப்டை ஓட்டினேன். முதல் இரண்டும் ஒழுங்காகத் திறந்தன. மூன்றாவதன் இடத்தில் 'டாக்குமென்ட்ஸ்' ஃபோல்டர் வந்து நின்றது. எக்ஸ்புளோரருக்குக் கொடுத்த பாதை அதற்குப் புரியாவிட்டால், பெரும்பாலும் அது டாக்குமென்ட்ஸைத் திறந்து வைத்துவிட்டு நல்லபிள்ளை போல நின்றுவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. ஆகவே சம்பந்தமில்லாமல் டாக்குமென்ட்ஸ் ஜன்னல் வந்து நின்றால், 'பாதை கெட்டிருக்கிறது' என்பதற்கு அதுவே முதல் அறிகுறி.

அடுத்து, பட்டியல் பிறக்கும் இடத்தில் பார்த்தேன். அதாவது, ஃபைலில் எழுதுவதற்கு முன்பு மெமரியில் இருக்கும் பெயரைத் திரையில் அச்சிடச் சொன்னேன். கருப்புத் திரையில் கட்டம் கட்டமாக வந்தது! "ஆஹா, இங்கேயே கெட்டுவிட்டது" என்று இந்த இடத்தில் முடிவு கட்டிவிடக் கூடாது. கன்சோல் திரைக்கென்று வைத்திருக்கும் எழுத்துருவில் தமிழ் இல்லாவிட்டால் கட்டம்தான் வரும். அது கண்ணாடியில் உள்ள கீறல், முகத்தில் உள்ள காயம் அல்ல.

அப்படியானால் எப்படித்தான் உறுதி செய்வது? கண்ணை நம்பாமல் எண்ணை நம்ப வேண்டும். கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொரு எழுத்தும் ஓர் எண். யூனிகோடில் தமிழுக்கென்று 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அதில் 'அ' 2949. 'க' 2965. புள்ளி 3021. கேள்விக்குறியின் எண் 63. ஆகவே ஃபோல்டர் பெயரின் முதல் எழுத்தை எண்ணாக மாற்றி அச்சிடச் சொன்னேன்.

மெமரியில் 2965 வந்தது. ஆள் உயிரோடு இருக்கிறான்!

ஃபைலில் எழுதித் திரும்பப் படித்ததும் அதே எழுத்தைக் கேட்டேன். 63 வந்தது. ஆள் போய்விட்டான்!

ஆகவே பெயரை எடுத்ததில் பழுதில்லை. ஷெல்லை நிறுத்தியதிலும் பழுதில்லை. ஃபைலுக்குள் போய் வரும் வழியில்தான் உயிர் போயிருக்கிறது. ஐந்து கட்டங்களில் தேடியது ஒரே கட்டத்துக்குச் சுருங்கிவிட்டது.

எட்டு எழுத்து, பதினொரு கேள்விக்குறி

அந்த டெக்ஸ்ட் ஃபைலை நோட்பேடில் திறந்து பார்த்தேன். ஆங்கிலப் பெயர்கள் அப்படியே இருந்தன. கண்டமங்கலம் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். எண்ணினால் பதினொன்று.

ஏன் பதினொன்று? கண்டமங்கலம் என்பதை நாம் எழுதும்போது க, ண், ட, ம, ங், க, ல, ம் என்று எட்டு எழுத்துகள். ஆனால் யூனிகோடில் மெய்யெழுத்துக்குத் தனி எண் கிடையாது. 'ண்' என்பது ண என்ற எண்ணும் அதன்பின் புள்ளி என்ற எண்ணும் சேர்ந்தது. இந்தப் பெயரில் மூன்று மெய்கள் இருக்கின்றன. எட்டும் மூன்றும் பதினொன்று. நீங்களும் உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுப் பாருங்கள். வளவனூர் நமக்கு ஐந்து எழுத்து, கம்ப்யூட்டருக்கு ஏழு. ஊகாரக் கொம்பு ஒன்று, புள்ளி ஒன்று என இரண்டு எண்கள் கூடுகின்றன.

இந்தக் கணக்கு வேடிக்கைக்கு அல்ல. கேள்விக்குறிகளின் எண்ணிக்கை யூனிகோடு எண்களின் எண்ணிக்கையோடு அச்சாகப் பொருந்துகிறது. அப்படியானால் என்ன நடந்திருக்கிறது? ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியே எடுத்து, 'இவனுக்கு இடமில்லை' என்று சொல்லி, அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியைப் போட்டிருக்கிறார்கள். போட்டது யார்?

விண்டோஸோடு கூடவே வரும் பவர்ஷெல் 5.1தான். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இந்தப் பதிப்பே உள்ளது. இதில் செட்-கன்டென்ட் கட்டளைக்கு என்கோடிங் எது என்று நாம் சொல்லாவிட்டால், கம்ப்யூட்டரின் ஆன்சி குறியீட்டுப் பக்கத்தில் எழுதும். நம் லேப் மெஷின்களைப் போல ஆங்கிலத்தில் அமைத்தவற்றில் அது 1252 எண்ணுள்ள பக்கம். அந்தப் பக்கத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட், ஆக மொத்தம் 256 இடங்கள். ஆங்கிலமும் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளும் உட்கார்ந்ததும் பஸ் நிரம்பிவிட்டது. தமிழுக்கு ஸ்டாண்டிங் கூட இல்லை. இடமில்லாதவர் எல்லோருக்கும் அது போடும் ஒரே டிக்கெட், கேள்விக்குறி.

சரி, பட்டியலில் கேள்விக்குறி இருந்தால் ஃபோல்டர் ஏன் திறக்கவில்லை? விண்டோஸில் ஃபைல், ஃபோல்டர் பெயர்களில் கேள்விக்குறியே வரக்கூடாது. இல்லாத பெயரைக் கேட்டால் எக்ஸ்புளோரர் எங்கிருந்து எடுத்துத் தரும்? டாக்குமென்ட்ஸைத்தான் தரும்.

தமிழுக்கு ஏன் இந்தக் கதி?

கொஞ்சம் வரலாறு பார்ப்போம். 1990களில் தமிழ் எழுத்துரு தயாரித்தவர்கள் அந்த 256 இடங்களுக்குள்ளேயே தமிழை அடுக்கினார்கள், ஆளாளுக்கு ஒரு வரிசையில். ஒருவர் எழுத்துருவில் அடித்ததை இன்னொருவர் எழுத்துருவில் திறந்தால் ஒன்றும் புரியாது. இந்தக் குழப்பம் தீர 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணைய மாநாடு கூடியது. தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் என்னும் எழுத்துருக் குறியீடுகளும் அதன் வழியாக வந்தவை. அவையும் 8 பிட் குறியீடுகளே.

இதற்கிடையில் 1991-இல் வெளியான யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. விண்டோஸ் 2000 தமிழை ஏற்றபோது யூனிகோடு வழியாகவே ஏற்றது. ரஷ்ய மொழிக்கு 1251, கிரேக்கத்துக்கு 1253 என்று ஆன்சி பக்கங்கள் இருப்பதுபோல் தமிழுக்கு ஒரு பக்கம் தரப்படவில்லை. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில், தமிழக அரசு யூனிகோடையும் 16 பிட் குறியீடான டேஸ்-16-ஐயும் ஏற்று அரசாணை வெளியிட்டது.

இதிலிருந்து நமக்குத் தெரிவது என்ன? விண்டோஸின் ஃபைல் அமைப்பான என்டிஎஃப்எஸ் யூனிகோடில்தான் பெயர்களை வைத்துக்கொள்கிறது. எக்ஸ்புளோரருக்குத் தமிழ் தெரியும். பவர்ஷெல்லின் மெமரிக்கும் தமிழ் தெரியும். இத்தனை பேருக்கும் தெரிந்த தமிழை, நடுவில் ஒரே ஒரு கட்டளை பழைய பழக்கத்தில் ஆன்சியில் எழுதிக் கெடுத்தது. கூடம் கோணல் என்று பழி சொன்ன கதையாக, நாமோ பெயர் வைத்தவனைக் குறை சொல்கிறோம்!

மருந்து

மருந்து ஒரே வரியில் முடிகிறது. எழுதும்போது செட்-கன்டென்ட் கட்டளையோடு 'என்கோடிங் யூடிஎஃப்8' என்று சேர்க்க வேண்டும். படிக்கும்போது கெட்-கன்டென்ட் கட்டளையோடும் அதையே சேர்க்க வேண்டும். எழுதுபவரும் படிப்பவரும் ஒரே பாஷை பேச வேண்டும் என்பதே விதி.

யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வோர் எண்ணும் மூன்று பைட் பிடிக்கும். கண்டமங்கலம் 33 பைட். இடம் கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் ஓர் எழுத்தும் சாகாது. திருத்திய ஸ்கிரிப்டை ஓட்டி, படித்த பெயரின் முதல் எழுத்தைக் கேட்டேன். 2965! ஃபோல்டரும் திறந்தது.

தனியாக நிறுவிக்கொள்ள வேண்டிய பவர்ஷெல் 7-இல் ஒன்றும் சொல்லாவிட்டாலும் யூடிஎஃப்-8தான். இதனால்தான் ஒரே ஸ்கிரிப்ட் ஒருவர் மெஷினில் ஓடுகிறது, இன்னொருவர் மெஷினில் படுத்துவிடுகிறது. "என் சிஸ்டத்துல வொர்க் ஆகுதே!" என்று ஒருவர் சொன்னால் சண்டைக்குப் போகாமல், எந்தப் பதிப்பு என்று கேளுங்கள்.

கேள்விக்குறியா, கிறுக்கலா?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால், அது இதுவாக இருக்கட்டும். தமிழ் கெடும்போது இரண்டு விதமாகக் கெடும்.

முதல் வகை, கேள்விக்குறி. எழுதும்போதே எழுத்து அழிந்துவிட்டது என்று அர்த்தம். பதினொரு கேள்விக்குறியில் இருந்து கண்டமங்கலத்தை மீட்கவே முடியாது. பதினொரு எண் கொண்ட எந்தப் பெயரும் அப்படித்தான் இருக்கும். பழுதை எழுதும் கட்டளையில் தேடுங்கள்.

இரண்டாம் வகை, கிறுக்கல். தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்தும் வட்டத்துக்குள் போட்ட பதிவுக்குறியுமாகத் திரும்பத் திரும்ப வரும். இது யூடிஎஃப்-8 முறையில் சரியாக எழுதியதை ஆன்சி என்று நினைத்துப் படித்ததன் விளைவு. 'க' எழுத்தின் மூன்று பைட்டுகள் 224, 174, 149. அவற்றை மூன்று தனி எழுத்துகளாகப் படித்தால் வருவதே அந்தக் கிறுக்கல். இங்கே எழுத்து சாகவில்லை, மாறுவேடத்தில் இருக்கிறது. ஃபைலை மட்டும் அந்த நிலையில் சேவ் செய்துவிடாதீர்கள். சரியான என்கோடிங்கில் திறந்தால் அப்படியே திரும்பக் கிடைக்கும். பழுதைப் படிக்கும் கட்டளையில் தேடுங்கள்.

இந்த இரண்டாம் வகை ஸ்கிரிப்ட் ஃபைலுக்கே கூட வரும். விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பு முதல் நோட்பேட் சாதாரணமாக 'பைட் ஆர்டர் மார்க்' என்னும் முன்னடையாளம் இல்லாத யூடிஎஃப்-8 முறையில் சேவ் செய்கிறது. அந்த அடையாளம் இல்லாவிட்டால் பவர்ஷெல் 5.1 அதை ஆன்சி என்றே படிக்கும். ஸ்கிரிப்டுக்குள்ளேயே தமிழ்ப் பெயர் எழுதியிருந்தால் கிறுக்கலாகிவிடும். சேவ் செய்யும்போது 'யூடிஎஃப்-8 வித் பாம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள், தீர்ந்தது.

மற்ற பழுதுகள்

தமிழ்ப் பெயர் சரியான பின்பும் ஸ்கிரிப்டில் வேறு சில்லறைப் பழுதுகள் தென்படலாம். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

1. கேட்காத ஒரு ஜன்னல் கூடுதலாகத் திறந்தால்: எக்ஸ்புளோரரைச் சில வழிகளில் நிறுத்தினால் விண்டோஸே அதைத் தானாகக் கிளப்பிவிடும், சில வழிகளில் கிளப்பாது. தானாக வந்த பிறகு ஸ்கிரிப்டும் ஒருமுறை கிளப்பினால், மேலே சொன்னபடி அது ஒரு ஃபோல்டர் ஜன்னலாகத் திறக்கும். ஆகவே நிறுத்தியபின் இரண்டு நொடி காத்திருந்து, எக்ஸ்புளோரர் ஓடுகிறதா என்று பார்த்து, ஓடாவிட்டால் மட்டும் கிளப்பச் சொல்ல வேண்டும்.

2. சில நாள் திறக்கிறது, சில நாள் திறப்பதில்லை என்றால்: நேரப் பிரச்சினை. ஷெல் முழுதாக எழுந்து உட்காருவதற்குள் ஃபோல்டர்களைத் திறக்கச் சொல்லியிருப்பீர்கள். பழைய மெஷினுக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள்.

3. 'திஸ் பிசி' ஜன்னல் மட்டும் திரும்பாவிட்டால்: ஜன்னலின் இடத்தை 'லொகேஷன் யூஆர்எல்' என்ற பண்பில் கேட்டால், திஸ் பிசிக்கு வெறுமையே வரும். டிரைவில் இருக்கும் நிஜமான ஃபோல்டர் அல்லவே அது. மேலும் அந்தப் பண்பில் இடைவெளிகள் சதவீதக் குறியும் 20-உமாக மாறியிருக்கும். அதற்குப் பதில் ஜன்னலின் 'டாக்குமென்ட்' வழியாக ஃபோல்டரின் பாதையைக் கேட்டால் இரண்டு தொல்லையும் தீரும்.

4. பெயரில் சதுர அடைப்புக்குறி இருந்தால்: பவர்ஷெல் அதை ஒரு தேடல் வடிவமாக எடுத்துக்கொள்ளும். 'லிட்டரல்-பாத்' என்று சேர்த்தால் எழுதியதை எழுதியபடியே எடுத்துக்கொள்ளும்.

5. பென் டிரைவில் இருந்த ஃபோல்டர் என்றால்: இடையில் பென் டிரைவைப் பிடுங்கியிருக்கலாம். திறப்பதற்கு முன் 'டெஸ்ட்-பாத்' கொண்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

6. விண்டோஸ் 11-இல் டேப்கள் தனித்தனி ஜன்னலாகத் திரும்பினால்: எக்ஸ்புளோரருக்கு டேப்கள் வந்தது 2022-இல். ஸ்கிரிப்ட் ஒவ்வொரு டேபையும் தனி உருப்படியாகக் குறித்துக்கொள்வதால் இப்படி நடக்கிறது. பழுது என்று சொல்ல முடியாது, ஃபோல்டர் கிடைத்தால் சரி.

இரண்டு எச்சரிக்கைகள்

மேலே சொன்னவற்றால் நேரம்தான் போகும். ஆனால் கீழே உள்ள இரண்டாலும் அடுத்தவர் வேலை போகும். தயவுசெய்து கவனிக்கவும்.

முதலாவது, பென் டிரைவுக்கு ஃபைல் காப்பி ஆகிக்கொண்டிருக்கும்போது ஸ்கிரிப்டை ஓட்டக் கூடாது. காப்பி செய்யும் வேலையும் எக்ஸ்புளோரரின் தலையில்தான் இருக்கிறது. அதை நடுவிலே வெட்டினால் காப்பி அரைகுறையாக நிற்கும். ரெக்கார்டு சப்மிட் செய்யும் நாளில் பாதி ஃபைலோடு போய் நின்றால் யார் பொறுப்பு? ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே 'காப்பி ஏதும் நடக்கிறதா?' என்று கேட்டு, ஒரு கீயை அழுத்திய பிறகே தொடரும்படி ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, லேபில் ஒரே மெஷினில் ஒருவர் லாகாஃப் செய்யாமல் விட்டுப்போக, அடுத்தவர் தன் பெயரில் லாகான் செய்திருப்பார். அந்த நிலையில் அட்மினிஸ்ட்ரேட்டராக இருந்துகொண்டு 'எக்ஸ்புளோரர் என்ற பெயருள்ள எல்லாவற்றையும் நிறுத்து' என்று கட்டளையிட்டால், முன்னவருடைய எக்ஸ்புளோரரும் சேர்ந்து விழும். ஆகவே இதை அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டாமல், சாதாரண யூசராகவே ஓட்டுங்கள்.

லினக்ஸில் எப்படி?

2011 செப்டம்பர் முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில், விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட இயங்குதளம் அது. உங்கள் அண்ணனோ அக்காவோ அந்த மடிக்கணினியை இன்னும் வைத்திருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள்.

லினக்ஸின் க்னோம் டெஸ்க்டாப்பில் ஷெல் வேறு, ஃபோல்டர் காட்டும் நாட்டிலஸ் வேறு. கல்லாவுக்கு ஓர் ஆள், டீக்கு ஓர் ஆள். எக்ஸ்-11 முறையில் ஓடும்போது ஷெல்லை மட்டும் திரும்பக் கிளப்பினால் ஃபோல்டர்கள் அப்படியே இருக்கும். ஆகவே நம் ஸ்கிரிப்டுக்கு அங்கே வேலையே இல்லை. புதிய வேலண்ட் முறையில் நிலைமை தலைகீழ். திரை முழுவதையும் தாங்கி நிற்பதே ஷெல்தான் என்பதால், அதை நிறுத்தினால் மொத்த செஷனும் முடிந்துவிடும். அங்கே இந்தப் பரீட்சை வேண்டாம்.

எழுத்து விஷயத்தில் லினக்ஸ் நமக்குச் சாதகம். இப்போதுள்ள லினக்ஸ்கள் ஃபைலுக்கும் திரைக்கும் பெரும்பாலும் யூடிஎஃப்-8 முறையையே வைத்துக்கொள்வதால், இந்தக் கேள்விக்குறி நோய் அங்கே அரிது.

இங்கிலீஷில் பேர் வைக்கலாமா?

வைக்கலாம், தாராளமாக. ஆனால் பழுதுக்குப் பயந்து வைக்கக் கூடாது என்பதே என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதல் காரணம் தொழில் சம்பந்தமானது. பெயரை மாற்றினால் பழுது மறையும், தீராது. நாளை இதே ஸ்கிரிப்டை மாணவர் பெயர்ப்பட்டியல் எழுதவோ, ரேஷன் கடை இருப்புக் கணக்கு எழுதவோ ஒருவர் மாற்றிக்கொள்வார். அப்போது கேள்விக்குறியாவது ஃபோல்டர் பெயர் அல்ல, ஒரு மனிதரின் பெயர். பெயர் மாற்றச் சொல்ல அங்கே வழியில்லை.

இரண்டாவது, டிப்ளமோ முடித்து வெளியே போகும் நம்மிடம் பழுது பார்க்க வருகிறவர்கள் யார்? விழுப்புரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், வளவனூரில் பத்திரம் டைப் செய்பவர், கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதுபவர். அவர்கள் ஃபோல்டருக்குத் தமிழில்தான் பெயர் வைப்பார்கள். "நீங்க இங்கிலீஷ்ல வைங்க சார்" என்று சொல்லிவிட்டு வருவதற்கு டெக்னீஷியன் எதற்கு? எந்த வரியில் எழுத்து சாகிறது என்று கண்டுபிடித்து, அந்த வரியைத் திருத்திக் கொடுப்பவனுக்குத்தான் கூலி.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை ஒரு ஸ்கிரிப்ட் படுத்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பிறக்கும் இடத்தில் எழுத்து உயிரோடு இருந்ததா? எழுதிய இடத்தில் இருந்ததா? படித்த இடத்தில் இருந்ததா? ஒவ்வோர் இடத்திலும் முதல் எழுத்தின் எண்ணைக் கேளுங்கள். கண்டமங்கலத்துக்கு 2965 வரும்வரை விடாதீர்கள். உங்கள் ஊர் எழுத்துக்கு என்ன எண் என்பதை நீங்களே கண்டுபிடித்து, இந்த மலரின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வையுங்கள். லேபில் உதவும்.